ஆறிப்போன ஆட்டிறைச்சிக் கறி

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி அப்படியே ஆறிப்போனது.

இந்தக் கிழமை அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு எதுவும் எனக்கு எழுத வரவில்லை.

முதலில் நல்ல செய்தி. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்துவிட்டது. பொடியன். முடி நிறைய. மூத்தவள் ஆரணி ஒரு நாள் முழுக்கத் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் டெனிஷில் தகப்பனிடம் கேட்டாள் - இவரை எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று. நாலு வயது. அவளுக்குத் தெரிந்த வரையில், ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்து வருகிற சாமானைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்?

மற்றச் செய்தி இருக்கிறது. கறியில் இருந்து அதற்கு வருகிறேன்.

பிள்ளை பிறப்பதற்கு முன் பத்திரிகையின் இந்தப் பகுதியில் நான் ஒன்று எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? என் வீட்டுக்காரர் திடீரென்று மரக்கறிக்கு மாறிவிட்ட கதை. இவருக்கு இங்கே கிரின்ஸ்டெட் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இறைச்சி பக்டரியில் வேலை. நாள் முழுக்க இறைச்சிக்குள் நிற்கிற மனுஷன். வீட்டுக்கு வந்தும் "இண்டைக்கு என்ன கறி?" என்றால் மச்சக்கறியைத்தான் கேட்கிறார் என்று அர்த்தம். மீன், இறைச்சி, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு முட்டையாவது வேண்டும். அந்த மனுஷன் ஒரு நாள் வேலையால் வந்தார். குளித்தார். பருப்பும் சோறும் போடச் சொன்னார்.

"என்னப்பா, சுகமில்லையோ?"

"இல்லை. பிள்ளை சுகமாப் பிறக்கவேணும் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

எனக்குச் சிரிப்பு. கோயில் வாசலில் நின்றுகொண்டு மணிக்கூடு பார்க்கிற ஆள் இவர். மூத்தவளுக்கு வைக்காத நேர்த்தி இரண்டாவதுக்கு ஏன்? எனக்குள்ளே பெருமையும்தான். வயிற்றைத் தடவிக்கொண்டு எழுதித் தள்ளினேன். 'ஆம்பிளைகளுக்கு இரண்டாவது பிள்ளையில்தான் பயம் வரும்' என்று பெரிய கண்டுபிடிப்பு வேறு. நீங்களும் வாசித்துச் சிரித்தீர்கள். ஓல்போர்க்கில் இருந்து ஓர் அக்கா போன் எடுத்து, "உன்ர மனுசனைப் பார்த்து எங்கட ஆக்களும் திருந்தட்டும்" என்றார்.

சரி. பிள்ளை சுகமாகப் பிறந்தது. அப்படியென்றால் நேர்த்தி முடிந்ததுதானே?

ஞாயிற்றுக்கிழமை மலர் அக்கா வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். வயோதிபர் இல்லத்தில் வேலை. நான் பிள்ளைப்பெற்று வந்த நாளில் இருந்து எனக்குச் சமையல் அவர் கையால்தான். சரக்குத்தூள் போட்டு மீன் கறி. மிளகும் சீரகமும் மல்லியும் மஞ்சளும் நாக்கைச் சுடும். அது இறங்கினால்தான் பால் ஊறும் என்பார். நான் அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

"அக்கா, இவருக்கு ஆட்டிறைச்சி வாங்கிச் சமைச்சுக்கொண்டு வாறியளே? நேர்த்தி முடிஞ்சுது. பாவம், காய்ஞ்சுபோய் இருக்கிறார்."

மலர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். எதற்கும் வாய் மூடாத மனுஷி அவர்.

கறி வந்தது. நானே எழும்பிப் போய்ச் சோறு போட்டேன். எலும்போடு நாலு துண்டு பார்த்து வைத்தேன். இவர் கை கழுவி வந்து இருந்தார். சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். மலர் அக்காவைப் பார்த்தார். மலர் அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

"சாப்பிடுங்கோவன்."

"எனக்கு இன்னும் முடியேல்லை."

"என்ன முடியேல்லை? பிள்ளை பிறந்திட்டுதுதானே."

இவர் ஒரு விரலால் சோற்றின் கரையைத் தொட்டார். கறி படாத பக்கம். அவ்வளவுதான்.

எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாமிக்கு வைக்கிற நேர்த்திக்கு ஒரு முடிவு இருக்கும். கேட்டது கிடைத்தால் முடிந்தது. கேட்டது கிடைத்த பிறகும் ஒரு மனுஷன் மச்சம் தொடாமல் இருக்கிறான் என்றால்... அது கேட்டதற்காக இல்லை. போனதற்காக. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் வரைக்கும்.

பொய் சொல்லத் தெரிந்த இவருக்கு, அந்தப் பொய் எந்த நாளில் முடியும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

"தம்பியோ?" என்று கேட்டேன். இவர் தலையை ஆட்டினார்.

என் தம்பி கஜன். எனக்கு ஒரேயொரு தம்பி. வன்னியில் கடைசி வரைக்கும் இருந்தவன். யுத்தம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன கிழமைதான் இவருக்குத் தகவல் வந்ததாம். முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு பொடியன், யாருடையதோ போனில் எடுத்துச் சொல்லியிருக்கிறான். தம்பியைத் தன் கையாலேயே மண் போட்டு மூடினவனாம். எந்த நாள் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. அங்கே அப்போது நாள் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்ததாம். அதனால் தகவல் வந்த நாளில் இருந்து இவர் எண்ணத் தொடங்கியிருக்கிறார்.

அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா முகாமில், கம்பிக்கு அந்தப் பக்கம். உடம்பு இல்லை. சாம்பல் இல்லை. செத்த வீடு இல்லை. சாவுத் துடக்குக் காக்கவும் ஒருத்தரும் இல்லை. நான் நிறைவயிற்றோடு. அதனால் அக்காவின் புருஷன், ஒரு முறைகூட நேரில் பார்க்காத மைத்துனனுக்காக மச்சத்தை விட்டிருக்கிறார். பக்டரி கன்டீனில் டெனிஷ்காரர் இறைச்சி உருண்டை சாப்பிட, இவர் பக்கத்தில் இருந்து பாணும் உருளைக்கிழங்கும். அவர்கள் கேட்டதற்கு வயிற்றில் புண் என்றாராம்.

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. எங்கள் டிவி பழுதானதும், போன் எப்போதும் இவர் பொக்கற்றிலேயே கிடந்ததும், ஒவ்வொருவராக வந்து வயிற்றைத் தடவிக் கண் கலங்கியதும்... நான் அதெல்லாம் பிள்ளைக்கு என்று நினைத்தேன். இந்தப் பத்திரிகை நடத்துகிற அண்ணைக்கும் தெரியுமாம். பிறகு கேட்டேன்.

"நேர்த்திக் கதையை நீங்கள் போடாமல் விட்டிருக்கலாமே அண்ணை?"

"விட்டா ஏனெண்டு கேட்டிருப்பீர் பிள்ளை. என்னாலை பொய் சொல்ல ஏலாது. அச்சடிக்கத்தான் ஏலும்."



ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் குழறி அழத் தொடங்கினேன். மலர் அக்கா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். பொத்தினார் என்றால், உண்மையாகவே கையால்.

"அழாதை மோளே, பச்சை உடம்பு. அழுதா பால் வத்திப்போகும்."

தம்பி செத்ததற்கு அழவும் எனக்கு அனுமதி இல்லை. என் உடம்பு அப்போது என்னுடையது இல்லை. அது ஒரு பால்கடை.

ஆரணி ஓடிவந்து டெனிஷில் கேட்டாள், அம்மா ஏன் அழுகிறா, பேபி வந்திட்டார்தானே என்று. நியாயமான கேள்வி.

பிறகு போன்கள் தொடங்கின. இனி மறைக்கத் தேவையில்லை அல்லவா? எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது போல.

"கவலைப்படாதை பிள்ளை. தம்பிதான் உன்ர வயித்திலை வந்து பிறந்திருக்கிறான்."

சொன்னவர்களில் உங்களில் பலரும் இருக்கிறீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள். கோபிக்காதீர்கள் - தயவுசெய்து இனிச் சொல்லாதீர்கள்.

என் தம்பி வந்து பிறக்கவில்லை. அவனுக்குப் பந்தடித்து உடைந்த முழங்காலில் ஒரு தழும்பு. சாப்பிடும்போது மற்றவர் கோப்பையில் இருக்கிற பொரியலில்தான் கண். அந்த ஆள் செத்துப்போனான். இவன் வேறு ஆள். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இவனுக்கு ஏன் இப்போதே ஒரு செத்தவனின் வேலையைக் கொடுக்கிறீர்கள்? கஜன் என்றே பெயர் வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்தப் பெயரை இவனுக்குக் கொடுத்தால், நான் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கப்போவது இவன். பிறகு என் தம்பியை நான் எப்படிக் கூப்பிடுவது?

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குப் பிள்ளையின் முகத்தையே பார்க்க முடியாமல் போனது. ஒருத்தனைக் கொடுத்துத்தான் இவனை வாங்கினேனோ என்று ஒரு எண்ணம். பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்தேன்.

மீன் கறியையும் நிறுத்திவிட்டேன். சாகக் கொடுத்த அக்கா மச்சம் தின்பதா? இவரே காக்கிறார், கூடப்பிறந்த நான் காக்க வேண்டாமா? மலர் அக்கா கெஞ்சினார், ஏசினார். "உனக்கென்ன விசரே? பிள்ளைப்பெத்தவளுக்கு இந்தச் சட்டம் எல்லாம் இல்லையடி" என்று சட்டியைத் தட்டினார். நான் பருப்பையும் சோற்றையும் பிசைந்தேன். அதுவும் இறங்கவில்லை. பால் குறைந்தது. பிள்ளை கத்தினான். பிறகு கத்துவதும் குறைந்தது. அதுதான் பயம்.

வியாழக்கிழமை, பிள்ளையை நிறுக்க வருகிற டெனிஷ் தாதி வந்தார். தராசில் வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார். பிறந்ததைவிடக் குறைவு. இன்னும் இரண்டு நாள் பார்ப்பாராம், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியாம். இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

அம்மா சாப்பிடுகிறாவா என்று தாதி கேட்டார். இவர் வாய் திறப்பதற்கு முன் ஆரணி பதில் சொல்லிவிட்டாள். அம்மா சாப்பிடுவதில்லை, அம்மாவின் தம்பி செத்துப்போனார் என்று. டெனிஷில். கையில் பொம்மையை வைத்துக்கொண்டு.

அந்த மனுஷி தராசை மூடி வைத்தார். என் பக்கத்தில் வந்து இருந்தார். புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான் - தம்பிக்கு என்ன பெயர்?

"கஜன்" என்றேன்.

செய்தி தெரிந்த பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. நான் திருத்தினேன். திரும்பவும் சொன்னார். அப்போதுதான் மனம்விட்டு அழுதேன். ஒருத்தரும் வாயைப் பொத்தவில்லை.

அவர் போன பிறகு இவர் குசினிக்குள் போனார். மலர் அக்கா வைத்துவிட்டுப் போன மீன் கறியைச் சூடாக்கினார். சோறு போட்டு என் முன்னால் வைத்தார். பக்கத்தில் இன்னொரு கோப்பை. அதில் பருப்பு.

"எனக்கு வேண்டாம். என்ர தம்பியப்பா. நான்தான் காக்கோணும்."

"இஞ்சேர், ரெண்டு பேரும் மரக்கறி எண்டா இவன் எதைக் குடிக்கிறது?"

நான் கோப்பையைத் தள்ளினேன்.

"நான் கஜனுக்காக மட்டும் விடேல்லை. உனக்குப் பதிலாத்தான் விட்டனான். நீயும் விட்டா நான் பட்டினி கிடந்ததுக்கு என்ன பிரயோசனம்?" சொல்லிவிட்டுக் கோப்பையைத் திரும்பவும் என் பக்கம் தள்ளினார். பிறகு, "பக்டரியிலை வயித்துப் புண் எண்டு சொன்னதாலை ஃபோர்மன் ஒவ்வொரு நாளும் எனக்குத் தயிர் கொண்டந்து தாறான். பாவம் அந்தாள். அதுக்காகவாவது சாப்பிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே மூக்கால் வந்தது.

தம்பி கடைசியாகப் போன் எடுத்தது மார்கழியில். வரிசையில் நின்று எடுத்த போன். அப்போது எனக்கு மூன்று மாதம். சொன்னேன். அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

"மெய்யேக்கா? ரெண்டாவதோ? ரெண்டாவதா வாறவையை நம்பாதை. நான் வந்து உன்ர அம்மாவைப் பறிச்சனான்தானே. ஆரணியைக் கவனமாப் பார்."

பின்னால் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

பறித்தவன்தான். அவன் பிறந்தபோது நானும் திருப்பிக் கொடுக்கச் சொன்னேனாம்.

மீனைச் சாப்பிட்டேன். உறைப்பு. கண்ணால் தண்ணீர் ஓடியது. சாப்பிட்டு முடிய இவர் பிள்ளையைத் தூக்கி வந்து மடியில் வைத்தார். இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. யார் சாயலும் இல்லை. கோபம் மட்டும் நிறைய. குடிக்கக் குடிக்கக் கையை மூடி மூடித் திறந்தான்.

சனிக்கிழமை தாதி வந்தார். கொஞ்சம் ஏறியிருக்கிறான். கொஞ்சம்தான். பெயர் இன்னும் வைக்கவில்லை. இவனுக்கு என்று ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். இவருக்கு இன்னும் சில நாள் மரக்கறி.

கடைசியாக ஒரு திருத்தம். பழைய பேப்பரை எறியாமல் வைத்திருப்பவர்கள், அந்தப் பத்தியில் நான் 'நேர்த்தி' என்று எழுதிய இடத்தில் எல்லாம் 'என் தம்பி' என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.