லேத்தின் மேல் ஏற்றிய சூடம்

சிவண்ணாவின் பதவி உயர்வு என்னால்தான் போயிற்று. நான் மூட்டிய தீயின் பழியை அவர்மேல் எழுதிவைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதிகாரியாக இருந்தேன். சிவண்ணா அங்கே லேத்தில் உலோகம் கடையும் டர்னர். இங்கிலாந்தின் பழைய அணு உலைகளில் யுரேனியக் கோலுக்கு உறையாக இட்ட மெக்னீசியக் கலவையைப் போன்ற ஒன்றைச் சோதனைக்காகக் கடைந்துகொண்டிருந்தோம். அருமையான உலோகம். நியூட்ரான்களை அதிகம் விழுங்காமல் வழிவிடும். துளி அலுமினியம் சேர்த்தால் சூட்டிலும் எளிதில் கெடாது. ஆனால் துருவலாகிவிட்டால் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். எனக்கு இதெல்லாம் படிப்பு. சிவண்ணாவோ, டூல் மழுங்கி உரசத் தொடங்கும் கணத்தைக் காதாலேயே அறிந்து லேத்தை நிறுத்துவார்.

அந்த ஆண்டு ஆயுதபூஜையன்று ஆரத்தியை வாசலில் காட்டலாம் என்றார் அவர். திருச்சிப் பட்டறைகளில் லேத்தின் மேலேயே சூடம் ஏற்றிப் பழகியவன் நான். அதை உள்ளூர்க்காரரின் பிடிவாதமாக எடுத்துக்கொண்டேன்.

"பேடா சார், வேண்டாம். லேத்துத் தட்டுக்கு அடியில மெக்னீசியத் தூள் இருக்கு. கழட்டித் தொடைக்க அரை நாள் குடுங்க."

"பூஜை நேரத்துல அபசகுனமாப் பேசாதப்பா," என்று சூடத்தைப் பற்றவைத்தேன்.

எரியும் சூடத்தில் ஒரு துண்டு உருண்டு தட்டுக்கு அடியில் விழுந்தது. கண் கூசும் வெள்ளைத் தீ. நான் கலசத் தண்ணீரைத் தூக்கினேன். தண்ணீர் பட்டால் அந்தத் தீ வெடித்துச் சீறும் என்று வகுப்பெடுத்தவனே நான்தான். சிவண்ணா என் கையைத் தட்டிவிட்டு, உலர்ந்த வார்ப்பிரும்புத் துருவலை அள்ளிக் கொட்டி அணைத்தார். அவர் முழங்கை வெந்துபோனது. மறுநாள் அறிக்கையில், டர்னர் தட்டைச் சுத்தம் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஃபோர்மேன் பதவி அவரைவிட இளையவர் ஒருவருக்குப் போனது.

ஐந்து வருடம் கழித்து, நான் ஓய்வுபெறும் மாதத்தில் நடந்ததை நடந்தபடி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் பதிவேட்டிலிருந்து குறிப்பை நீக்கினார்கள். பதவியைத் திருப்பித் தரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்.

"பேரு சுத்தமாச்சு சார். ஆனா அஞ்சு வருஷம் என் பொண்டாட்டியே என்னைக் கவனமில்லாதவன்னு நெனச்சா. அதை எந்தக் காகிதத்துல அடிப்பீங்க?"

ஒருநாள் என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். "நோடோணா, பாக்கலாம்," என்றார்.

ஓய்வுக்காகத் திருச்சியில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரில் உறவினர்கள் எப்போது வருவாய் என்று கேட்கிறார்கள். நான் மைசூரில் வாடகை வீட்டின் முன்னறையில், சிவண்ணா வந்தால் கேட் திறக்கும் சத்தம் கேட்கும் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.