நட்டுவைத்த படகு

அப்போது நான் பஹ்ரைனில், ஈசா டவுனில் ஒரு படச்சட்டக் கடையில் வேலை பார்த்தேன். அண்ணன் மீன்பிடிக்கப் போன லாஞ்சி கவிழ்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மற்ற நான்கு பேரையும் உயிரோடு கரை சேர்த்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை. விசா எடுத்து அவனை வரவழைத்தவன் நான்தான். என் மேலேயே எனக்கு ஆத்திரம். ஊரில் அண்ணன் மனைவி, என் மைனி, உடம்பு வராமல் என்ன பூசை என்று பங்குச் சாமியாரையே திருப்பி அனுப்பிவிட்டாராம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்கிறார் என்றார்கள். ஒரு கல்லறையையாவது கண்ணில் காட்டாவிட்டால் அவரும் போய்விடுவார் என்று பயந்தேன்.

அன்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழைய அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தாள் உதிரும், ஓரத்தை வெட்டாதே என்று ஆயிரம் தடவை பத்திரம் சொன்னார். எட்டு வருசமாய் இதே வேலை செய்கிறவனுக்குப் பாடம்! எரிச்சலோடு படத்தைத் திருப்பினேன். ஒரு படகைப் பாதியாய் அறுத்து, அதன் முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்க மண்ணில் நட்டிருந்தார்கள். மேலெல்லாம் செதுக்கு வேலை, செம்மண் நிறம். சுற்றிலும் வேலி. பக்கத்தில் இரண்டு பேர் பாய் மாதிரி முடைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

இது என்ன என்று கேட்டேன். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடியினர் தங்கள் தலைவன் செத்தால் அவன் நினைவுக்கு இப்படிப் படகை நிறுத்துவார்கள் என்றார்.

"உடம்பு அடியில் இருக்குமா?"

"இருக்க வேண்டியதில்லை. அது வேறெங்காவது இருக்கும்."

அன்றைக்குக் கண்ணாடியை இரண்டு தடவை தப்பாய் வெட்டினேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். கவிழ்ந்த லாஞ்சியை இழுத்துவந்து கரையில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பலகை கொடு என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "மாஃபி, மாஃபி. யல்லா!" இல்லை, போ என்று அரபியில் விரட்டினான். கத்தினேன், அழுதேன், கடைசியில் அவன் காலைப் பிடித்தேன். செத்தது என் அண்ணன் என்று தெரிந்ததும் அவனே அணியத்துப் பலகை ஒன்றைப் பிடுங்கித் தந்தான்.

ரூமுக்கு வந்து போன் போட்டேன்.

"மைனி, அண்ணனுக்க லாஞ்சிப் பலவ ஒண்ணு கெடச்சிருக்கு. நம்ம கல்லறைத் தோட்டத்துல நட்டு, பேரெழுதி, பூசை வைப்போம். அப்பிடி வைக்கிற ஆளுவ இருக்காவ, நான் படத்துல பாத்தேன்."

"பலவைய நட்டா அவிய செத்தாச்சுன்னு ஆயிரும் தம்பி."

மைனி நிறுத்தாமல் மேலே பேசினார். "வேற லாஞ்சி ஏதும் அவியள தூக்கியிருக்கும். ஈரான் ஜெயில்ல கெடப்பாவ. நம்ம ஊருல ரெண்டு பேரு அப்பிடித்தான ஆறு மாசம் கழிச்சி வந்தாவ? எம்பசியில கேட்டியளா?"

கேட்டிருந்தேன், இரண்டு தடவை. ஈரானில் பிடிபட்டவர்களில் அண்ணன் இல்லை என்று இந்தியத் தூதரகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நாளைக்குக் கேக்கேன் மைனி."

"கேளுங்க தம்பி. அப்ப நான் ரெண்டு வாய் கஞ்சி குடிக்கேன்."

மறுநாள் மூன்றாம் தடவையாகத் தூதரகத்துக்குப் போனேன்.