ஜவ்வாதுமலையில் கற்பூரத்துக்கு ஒரு போர்டு

தை மாசக் கடைசி வியாழக்கிழமை ஜவ்வாதுமலைக்குப் போய்வந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் நாத்தனார் சரோஜா, தன் பேத்திக்குப் பிள்ளை பிறந்தால் அங்கே சாமியாகக் கும்பிடும் ஒரு பாறையடியில் கற்பூரம் ஏற்றுவதாக வேண்டியிருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. "துணைக்கு நீங்கதான் வரணும் அண்ணி" என்றாள்.

நான் மூணாவது வரை படித்தவள். போனில் பேசினால் எழுத்தாகிவிடுகிறது, பிழையை என் பேத்தி திருத்துகிறாள். ஆனால் நடந்தது எதையும் மறப்பவள் இல்லை. அதனால் பழைய கதை முதலில்.

நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசிச் செவ்வாய்க்கிழமை, இதே பாறைக்கு இருவரும் வந்தோம். சரோஜா கத்தரிப்பூக் கலர் வாயில் புடவை. என் இடுப்பில் எட்டு மாசப் பிள்ளை. மேலே தேன்கூடு தொங்குவதைப் பார்க்காமல் சரோஜா கற்பூரத்தை அள்ளி வைத்து ஏற்றினாள். புகை ஏறியது, தேனீ இறங்கியது. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நான் குனிந்துவிட்டேன். சரோஜா ஓடினாள். புளிசோத்துத் தூக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினாள். என் முதுகில் பதினேழு கொடுக்கு. எடுத்து எண்ணியது என் மாமியார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப்பற்றிச் சரோஜா இத்தனை வருஷமும் வாய் திறக்கவில்லை.

இப்போதைய பயணத்துக்கு வருகிறேன். கணியம்பாடியில் காலை ஐந்தரைக்குப் பஸ். போளூரில் மாறி ஜமுனாமரத்தூர் சேர்ந்தபோது ஒன்பதே கால். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஆட்டோ. போக, வர, காத்திருக்க ஐந்நூறு ரூபாய். இந்த முறை சோத்துத் தூக்கை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் மேல ஏறிடுவீங்களா பாட்டி?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"நீ வண்டிய ஏத்துப்பா, கால நாங்க ஏத்திக்கிறோம்" என்றாள் சரோஜா.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கொட்டகை. வழிகாட்டியாக வந்தவள் மலர்க்கொடி, மலை ஊர்க்காரி, முப்பது வயதிருக்கும். கூலி இருநூறு. எங்கள் பையை அவிழ்த்து பாட்டில், கவர் எல்லாவற்றையும் எண்ணினாள். திரும்பும்போதும் அத்தனையும் இருக்கணுமாம். பாறை வரை ஒன்றரைக் கிலோமீட்டர்.

வழி முழுக்க போர்டுகள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு, பக்கத்திலேயே படம். பாசிப் பாறையில் ஒருவன் வழுக்கி விழுகிறான்: "இது போட்டோவுக்கு நிக்கிற எடம் இல்ல." அடுத்ததில் ஒரு மாடு: "நீங்க போட்ட கவரு இது வயித்துல கீது." சிலேட்டில் 'கீது' என்று எழுதியதற்கு என் விரல் கணுவில் அடித்தாரே ஒரு வாத்தியார், அவர் வந்து இதைப் படிக்கணும்.

அப்புறம் துருப்பிடித்த ஒரு பழைய போர்டு: "தீ மூட்டாதீர்கள்." எனக்கு நிம்மதி. சரோஜாவைப் பார்த்தேன்.

"நாம இன்னா அடுப்பா மூட்டப் போறோம்?" என்றாள். "கற்பூரம் தீயா அண்ணி? அது ஜோதி."

பாறை தெரிந்தது. முறம் முறமாக ஐந்து கூடு. என் முதுகு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"நீ ஏத்துறதா இருந்தா நான் இங்கியே குந்திக்கிறேன்" என்றேன்.

"நேர்ந்துகினத பாதியில வுட்டா கொழந்தைக்கு ஆவுமா?" என்றாள். வம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்திருந்தாள். எனக்கும் பயம். அவளுக்குச் சாமியிடம், எனக்குத் தேனீயிடம்.

மலர்க்கொடி எங்களை இருபது அடி முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். புது போர்டு. கற்பூரத் தட்டு, அதிலிருந்து புகை, புகை முட்டும் இடத்தில் தேன்கூடு. கீழே எழுத்து:

"கற்பூரமும் தீதான். சாமி கோச்சுக்காது, தேனீ கோச்சுக்கும். கீழ மேடையில ஏத்துங்க. பாறை பாத்துக்கினுதான் இருக்கும்."

சரோஜா இரண்டு தரம் படித்தாள். "இத யாரு எழுதனது?"

"பெயிண்டர் எழுதனாரு, சொல்லிக் குடுத்தது எங்க ஊர் பொம்பளைங்க" என்றாள் மலர்க்கொடி. "பழைய போர்ட படிச்சிட்டு அதுங்கீழயே நின்னு கற்பூரம் ஏத்துனாங்க பெரியம்மா. கேட்டா, இது தீ இல்லன்னாங்க. அப்பால தேனெடுக்கப் போறவங்களத்தான கொட்டுது? எங்க பூசாரியே இப்ப கீழதான் ஏத்துறாரு."

சரோஜா பாறையைப் பார்த்துக் கும்பிட்டாள். கற்பூரப் பெட்டியை மடியில் முடிந்துகொண்டாள். என்னிடம் ஒரு வாக்குவாதத்திலும் தோற்காதவள், ஒரு தகரத்திடம் தோற்றாள். எழுதச் சொன்ன அந்தப் பொம்பளைகளுக்கு ஒரு கும்பிடு.

பன்னிரண்டு இருபதுக்குக் கீழே சிமெண்டு மேடையில் ஏற்றினோம். அங்கிருந்து பாறை நேராகத் தெரிகிறது. புகை எங்கள் பக்கமே திரும்பி வந்தது. கூடு அசையவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு. செண்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். மலை ஊர் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். போர்டுகளை நின்று படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கே மொத்தம் பத்து நிமிஷம்தான் ஆனது.

கடைசி போர்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது கொட்டகைக்குப் பக்கத்தில், வெளியே போகும் வழியில் இருக்கிறது. படம் இல்லை. "கூட வந்தவங்கள எண்ணிப் பாத்தீங்களா?" அவ்வளவுதான்.

சரோஜா அதன் முன்னால் நின்று படித்தாள். பிறகு விரலை நீட்டி எண்ணினாள். தன்னைக் காட்டி "ஒண்ணு", என்னைக் காட்டி "ரெண்டு".

"அன்னிக்கு எண்ணல அண்ணி" என்றாள்.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. தூக்கைத் திறந்து, புளிசோத்தில் முதல் கவளத்தை அவள் கையில் வைத்தேன்.