தெற்கே நின்ற புது வெள்ளி

சண்டைக் காலத்தில் நான் பெரியகுளம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். வடக்கே தொலைதூர நகரம் ஒன்றிலிருந்த வானியல் சங்கத்தில் தபால் மூலம் உறுப்பினராகச் சேர்ந்திருந்தேன். மாதாமாதம் நட்சத்திரப் படமும் சுற்றறிக்கையும் வரும். சந்தேகம் கேட்டு எழுதினால் காரியதரிசி தம் கைப்படப் பதில் எழுதுவார். உறுப்பினருக்குக் கிடைக்கக்கூடிய எதையும் விட்டுவிடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. படங்களை மனப்பாடம் செய்தேன். ஜெயமங்கலத்திலிருந்து வந்த உறவினர்களை வாசலில் நிறுத்தி, நட்சத்திரப் பெயர்களை ஒப்பித்துத் திணறடித்தேன்.

என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விடியுமுன் எழுந்து மாட்டைக் கவனிப்பவள் அவள்தான். நான் எழும்போது வானம் வெளுத்திருக்கும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடிகாலையில் அவள் என்னை உலுக்கி எழுப்பினாள்.

“ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. தெக்க, அகத்தியருக்குக் கிழக்காப்புல புதுசா ஒரு வெள்ளி நிக்குது.”

எங்கள் பக்கத்தில் எந்த நட்சத்திரத்தையும் வெள்ளி என்பார்கள்; தென்வானில் பளிச்சென்று எரியும் நட்சத்திரம்தான் அகத்தியர்.

“அங்கன அப்படி ஒண்ணும் கிடையாது. படத்துல இல்ல.”

“அதத்தாங்க நானும் சொல்றேன். முந்தி இல்ல, இப்ப இருக்கு.”

“ஏதாச்சும் கிரகமா இருக்கும். போயி வேலையப் பாரு.”

கிரகங்கள் அவ்வளவு தெற்கே போகாது. அது சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே நான் படித்த பாடம். படித்த நான்தான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மறுநாளும் வந்து, “நேத்தையவிடப் பெருசா இருக்குங்க” என்றாள். எரிந்து விழுந்தேன். அப்புறம் அவள் எழுப்பவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. தென்வானில் புதிய நட்சத்திரம் ஒன்று தோன்றியிருப்பதாகவும், பல ஊர்களில் பார்த்திருப்பதாகவும் போட்டிருந்தது. குறித்திருந்த இடம் அவள் கை காட்டிய இடமேதான். வானத்தில் புதிதாக எது தெரிந்தாலும் உடனே தந்தி அடிக்கும்படி சங்கம் எத்தனையோ முறை எழுதியிருந்தது. தபாலாபீஸ் என் ஆபீசுக்கு அடுத்த கட்டடம்.

அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சுற்றறிக்கையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப நான் பாத்தது நெசந்தானா?” என்றாள்.

அடுத்த நாள் அவளுக்கு முன்னால் எழுந்து காத்திருந்தேன். அவள்தான் காட்டினாள். மங்கிப்போய், இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

“அந்தப் பவுசெல்லாம் போயிருச்சுங்க” என்றாள்.

முதலில் கண்டவள் என் மனைவி என்று சங்கத்துக்கு எழுதினேன். தேதியும் நேரமும் குறித்த குறிப்பு உண்டா என்று காரியதரிசி மரியாதையாகக் கேட்டிருந்தார். அவளைக் கேட்டேன்.

“சனிக்கெழம குச்சனூர் கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநா விடியக்காலம்.”

அதையும் எழுதி அனுப்பினேன். வருந்துவதாக நாலு வரியில் பதில் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. செய்தி ஊரெல்லாம் பரவிய பிறகு நான் எழுதியதை யார்தான் ஏற்பார்கள்?

விஷயத்தைத் தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன்.

“நான் அவுகளுக்கா சொன்னேன்? உங்களுக்குத்தான சொன்னேன்” என்றாள்.

பிறகு பல வருஷம் அவளோடு விடியுமுன் எழுந்து வாசலில் நின்றிருக்கிறேன். “வானத்துல ஏதாச்சும் மாறியிருக்கா?” என்று நானாகக் கேட்பேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எல்லாம் இருந்தபடிதான் இருக்கும், நீங்களே பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போவாள்.