வண்டிக்கு அடியில் நைனா பாய்

காலை எட்டரைக்கு நைனா பாய்க்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "என்ன பாய், புது மாப்பிள்ள மாதிரி இன்னும் படுக்கையில கெடக்கீங்க? வண்டிய எறக்கி வச்சாச்சு. எழுந்து வாங்கலா." ஒன்பது மணிக்கு அவருடைய தம்பி அழைத்தார். சுபுஹு தொழுதுவிட்டுச் சாய்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லையாம். நான் கிண்டல் அடித்த நேரத்தில் அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

தஞ்சோங் கிளிங் வீட்டுக்கு எண்ணெய் சட்டையோடுதான் போனேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஆண்கள் எல்லாரும் கிளம்பும்போது திரைக்கு உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க அனுப்புனத கேட்டேன். அவுக கேட்டிருந்தா சிரிச்சிருப்பாக." ஊரில் என் வாய்க்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பார்கள். அன்றைக்கு நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆண்களோடு நடந்தேன்.

பாயா ரும்புட்டில் எங்கள் பட்டறையைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். நான் ஆறாம் வகுப்போடு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பாய் என்னைவிட மூன்று வயது இளையவர், படித்தவர். தூக்கிக் கட்டிய போர்வீல் வண்டிகள்தான் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, பார்க்க யானை மாதிரி வைத்திருப்பார்கள். எழுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீரிங் சாமி வந்தது போல் ஆடத் தொடங்கிவிடும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று ஆட்ட வேண்டும். மற்றவன் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே நான், கீழே பாய். பத்தொன்பது வருஷம் அப்படித்தான்.

முதல் வருஷம் ஒரு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டயரைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கெட்டியா இருக்கு, பேலன்சிங்தான் கோளாறு" என்று பெரிய டாக்டர் போல் சொன்னேன். பாய் ஜாக்கியை இறக்கினார்.

"ஏத்தி வச்சிப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் அண்ணே. பாரம் வரட்டும்."

டயர் தரையில் நின்றதும் கீழே போனார். நான் ஆட்டினேன். இடது, வலதை அவர் மலாயில்தான் சொல்வார்.

"கிரி. கானான். நிறுத்தாதீங்க, ஆட்டுங்க."

"நான் என்ன, தொட்டிலா ஆட்டுறேன்?"

"தாலாட்டும் பாடுங்கலா. நல்ல கொரலு ஒங்களுக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடுவார். "கண்ணுக்குப் பெரிய ஆட்டந்தான் தெரியும். சின்னத வெரலு சொல்லும்" என்பார். அன்றைக்கு ஒரு மூட்டு தேய்ந்திருப்பதை விரல் சொன்னது. நான் அவமானப்பட வேண்டியது. அவரோ, வண்டிக்காரனிடம், "அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு" என்று சொல்லிவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாய் கல்லு. ஸ்டீரிங்குக்கு, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஒரு புது அப்சோபரை மாட்டிவிட்டால் ஆட்டம் சில மாதங்களுக்குத் தெரியாது. பல பேர் அதைத்தான் செய்வார்கள். பாய் செய்ய மாட்டார். "பல்வலிக்கு மாத்திர குடுக்குற மாதிரி. வலி அடங்கும், சொத்த அடங்குமா?" இதற்காக ஒரு நல்ல வாடிக்கையாளரையே திருப்பி அனுப்பினார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று நாளும் அவர் வீட்டு மீன் குழம்பில் பாதி, மூடியில் ஊற்றி, என் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டேன். பேசவில்லை.

அவர் போன ஐந்தாம் நாள் பட்டறையைத் திறந்தேன். அவருக்குச் செய்தி அனுப்பிய காலையில் இறக்கி வைத்த வண்டி அப்படியே நின்றது. புலாவ் செபாங்கில் செம்பனைத் தோட்டம் குத்தகை எடுக்கும் தினேஷுடையது. பின்னால் ஆறு ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற வண்டி.

"அண்ணே, அப்சோபர மாத்திக் குடுத்திருங்க. நாளைக்கு ஆள் ஏத்தணும்" என்றான்.

பொய் சொல்லவில்லை, நான் அப்சோபர் பெட்டியைப் பிரித்துவிட்டேன். வெறும் இரண்டு போல்ட் வேலை. கேட்க யாரும் இல்லை. அப்சோபரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த ஆறு பேரும் என் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. பெட்டியை மூடினேன்.

"நீ மேல ஏறு. நான் கீழ போறேன்."

"நீங்களா? வயிறு மாட்டிக்கும் அண்ணே!"

மாட்டத்தான் செய்தது. மூச்சைப் பிடித்து உள்ளே போனேன். தினேஷ் ஆட்டினான். ஒவ்வொரு மூட்டாகத் தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடினேன். முன் அச்சைச் சட்டத்தோடு குறுக்கே பிடிக்கும் கம்பியின் முனையில் விரலை வைத்தபோது, மிகச் சின்னதாக ஒரு தட்டு. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அது நுழைகிற ஓட்டைதான் தேய்ந்து முட்டை மாதிரி ஆகியிருந்தது. எந்த அப்சோபரும் அதைச் சரிசெய்யாது. தகடு பற்றவைத்துப் புது ஓட்டை போட வேண்டும்.

"நாளைக்கு வண்டி கெடைக்காது தம்பி. ஆளுங்களுக்கு வேற லாரி பாரு" என்று கீழே இருந்தே சொன்னேன். மேலே சத்தம் இல்லை. கோபத்தில் வாயை மூடிக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அங்கே படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மேலே இருப்பவன் முகம் தெரியாது, கால் தெரியாது. மூக்குக்கு மேல் இரண்டு டன் இரும்பு. யாராவது பேசினால்தான் ஆள் இருக்கிறான் என்றே தெரியும். என் உளறலுக்கு எல்லாம் பாய் ஏன் கீழே இருந்து பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பது பத்தொன்பது வருஷம் கழித்து, அந்த இரும்புக்கு அடியில் எனக்கு விளங்கியது.

பாய் எனக்கு விட்டுப்போனது அந்த இடம்தான். இனிமேல் கீழே நான்தான் படுப்பேன். அவரை அறிந்தவர்கள் வண்டி கொண்டுவந்தால், நீங்கள்தான் மேலே உட்கார வேண்டும். ஒரே ஒரு உதவி. சும்மா ஆட்டாதீர்கள். எதையாவது பேசிக்கொண்டே ஆட்டுங்கள்.