வாழைச்சருகு அடைத்த டயர்

ஒரு விரல் நீளம் இருக்கும் அந்த உடைமரத்து முள். அத்தான் பின்சக்கரத்திலிருந்து அதைப் பிடுங்கியதும் மிச்சமிருந்த காற்றும் புஸ்ஸென்று போய்விட்டது. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தொண்ணூறுகளில் சாதிக் கலவரத்தால் பஸ் ஓடாமல் போக, பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்த என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக பைக்கில் வந்திருந்தார். எந்த ஊர்ப் பக்கம் நிற்கவே கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பினாளோ, எதிர்ச்சாதிக்காரர்களின் அந்த ஊர் எல்லையில் வந்தா முள் ஏற வேண்டும்! பஞ்சர் கடையும் அந்த ஊருக்குள்தான். ரோட்டில் ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வாழை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

வாழைக்குள்ளிருந்து ஓர் ஆள் ஏறி வந்தார். கையில் அரிவாள். வாழைத் தோட்டக்காரர் கையில் அரிவாள் இல்லாமல் வேறென்ன இருக்கும்? ஆனால் அந்த வாரம் அப்படி நினைக்க மனசு விடவில்லை.

"எந்த ஊரு வே?"

அத்தான் எங்கள் ஊரைச் சொல்லவில்லை. அந்த ஆளின் சாதிக்காரர்கள் இருக்கிற வேறோர் ஊரைச் சொன்னார்.

"அங்கன எந்தத் தெரு?"

எங்கள் பக்கம் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். "மேலத்தெரு" என்றார் அத்தான்.

"எம் மவளக் கெட்டிக் குடுத்தது மேலத்தெருவுலதான். நீரு யாரு மவன்?"

அத்தானின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. ஆத்தாடி, இன்றோடு சரி என்று அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் ரோட்டை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து டவுன்ல எங்கிட்டயும் இப்படித்தான் கேட்டானுவ. நானும் வேற ஊரத்தான் சொன்னேன். கடைக்குப் போவாதிய. அங்கன நிக்கிறவனுவ ஒங்கள விடமாட்டானுவ."

வண்டியை வாழைக்குள் இறக்கச் சொன்னார். அத்தான் டயரை நெம்பி டியூபை உருவினார். அந்த ஆள் அதே அரிவாளால் காய்ந்த சருகை அறுத்து அறுத்துப் போட, காற்றுக்குப் பதிலாக அதை நான் டயருக்குள் திணித்தேன். ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் குனிந்துகொண்டோம். வண்டி போன பிறகும் அந்த ஆள் தலையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் என் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

"பைய ஓட்டும். வழியில யாரு கேட்டாலும் என்னப் பாக்கலன்னு சொல்லணும், என்ன?" என்றார். எங்களைவிட அவர் ஊர்க்காரர்களுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

தடதடவென்று ஆடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் வேலை, குடும்பம் என்று எங்கோ இருக்கிறேன். ஆனாலும் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி பிரியமாக "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டால், இன்றைக்கும் என் வாயில் முதலில் வருவது என் ஊர் இல்லை.