நான் ஏறாத விமானம்

சனிக்கிழமைத் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. நானும் மகளும் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வரவில்லையாம். ஆகவே போன நாளிலிருந்து அவளை வளர்க்க அரசாங்கம் எனக்குத் தந்த சைல்ட் பெனிபிட் பணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டுமாம். இனிமேல் தரவும் மாட்டார்களாம். திரும்பி வராதவளுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம் முகவரிக்கே கடிதம் போட்டிருந்தார்கள்.

நாங்கள் போனதாக அதில் இருந்த தேதி எனக்கு மறக்காது. யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்ததற்கு மறுநாள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஏழு வயது மகளோடு நான் மட்டும் விமான நிலையம் போனேன். பெட்டிகளைக் கொடுத்துவிட்டு உள்ளே காத்திருந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். அங்கிருந்து நேரே ஆம்புலன்சில் ஆஸ்பத்திரி, அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன். அப்பாவின் கிரியைகளை மகளின் கட்டிலருகே இருந்து கைபேசியில் பார்த்தேன்.

பெனிபிட் அலுவலகத்துக்கு அழைத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். விமானப் பயணிகள் பதிவில் நான் போனதாகத்தான் இருக்கிறது, திரும்பி வந்ததாக இல்லை என்றாள். நான் லண்டனில் இருந்துதான் பேசுகிறேன் என்றேன். அதை எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்றாள், பணிவாகத்தான்.

அகதியாக வந்து எத்தனையோ வருடமாகியும், அரசாங்க உறையைக் கண்டால் கணவருக்கு முகம் மாறிவிடும்.

"காசைக் கட்டிப்போட்டு விடுவம். அவையளோட கொழுவிச் சண்டை பிடிக்க ஏலாது."

"போகாத பயணத்துக்கு நான் ஏன் கட்டவேணும்?"

"நீர் சொல்லுறது சரி. ஆனா பாஸ்போர்ட்டில ஏதும் பிரச்சினை வந்தா?"

"வரட்டும். அப்பாவின்ர செத்தவீட்டுக்கே போகேலாமல் நிண்டனான். போனனான் எண்டு இவை எழுதினா, நான் ஓம் எண்டு சொல்லவேணுமோ?"

அவர் கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் மகளின் வருகைப் பதிவை அச்செடுத்து முத்திரை குத்தித் தந்தார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் மகளை அனுமதித்த நேரம் இருந்தது. விமான நிறுவனம்தான் இழுத்தடித்தது. மூன்றாவது மின்னஞ்சலுக்குத்தான், இரு பயணிகளும் ஏறவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மறுபரிசீலனை கேட்டு எழுதச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். என் தந்தையின் இறுதிச் சடங்கில் நான் கலந்துகொள்ளவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கொள்ளி வைத்த தம்பியிடம்கூட அதை அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. 'வர ஏலாமப் போச்சு' என்றுதான் சொல்லிவந்தேன்.

பின்னால் நின்ற மகள் அதை வாசித்துவிட்டாள்.

"அம்மா, பிகாஸ் ஆஃப் மீயா?"

"இல்லைக் குஞ்சு, அவையின்ர கம்ப்யூட்டரில பிழை."

"நோ, அம்மப்பாவைப் பாக்கப் போகாதது."

பேனாவை வைத்துவிட்டு அவளை மடிக்கு இழுத்தேன்.

"உனக்கு வருத்தம், ஒப்பரேஷன் செய்தது. நான் உன்னோட நிண்டனான். அம்மப்பாவும் நில் எண்டுதான் சொல்லியிருப்பார்."

அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்பா பெரிய கோபக்காரர்.

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒன்றும் திருப்பிக் கட்டத் தேவையில்லை, நிறுத்திய பணமும் சேர்ந்து வரும் என்று இருந்தது. கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வருந்துறம் எண்டு போட்டிருக்கு."

"எதுக்காம்?"

"சிரமத்துக்காம்."

எனக்கு அன்று பிற்பகல் ஷிப்ட். கடிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.